மலையடிவாரத்தில் இருவருக்கு ஓர் அறை

திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பும் பிரயாணிக்கு, செஞ்சியின் பாறைக் குன்றுகளும் அவற்றின் உச்சியில் இன்னும் இடியாமல் எஞ்சியிருக்கும் கோட்டை மதில்களும் பின்னால் மறைந்து, கரும்பும் நெல்லும் மணிலாவும் மாறி மாறி விளையும் சமவெளி தொடங்கிச் சிறிது நேரம் கழிந்ததும், அதன் ஓரத்தில் மற்ற மலைகளின் துணையை நாடாமல் தனியே எழுந்து நிற்கும் நீல உருவம் ஒன்று கண்ணில் படும். அதுவே அருணாசலம். உயரம் 2,600 அடிக்குச் சற்று அதிகம். நீலகிரியையும் பழனி மலைத்தொடரையும் கண்டவர்களுக்கு அந்த அளவு ஒரு பொருட்டன்று. ஆயினும், அதுவரை தூங்கி விழுந்துகொண்டிருந்த பேருந்து விழித்துக்கொண்டது. முன் ஆசனத்துக் கிழவி ஒருத்தி தன் பேரனின் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, கும்பிடச் சொன்னாள். என் மனைவியும் கைகூப்பினாள்.

தம்பதி சமேதராகப் பிரயாணம் போகிறவர்கள் இக்காலத்தில் மிகுந்துவிட்டார்கள். மாலத்தீவில் 1972ஆம் ஆண்டு முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது முதல், தீவுக்கொரு விடுதியாகக் கட்டி, அலையோசையையும் தனிமையையும் தினக் கட்டணத்துக்கு அளிக்கும் ஏற்பாடு இந்து மகா சமுத்திரத்தில் வேரூன்றிவிட்டது. அத்தகைய இடங்களில் விருந்தினர் விலை கொடுத்துப் பெறுவது, உலகத்தை அப்பால் நிறுத்திவிட்டு இருவர் மட்டும் சேர்ந்திருக்கும் சௌகரியத்தை. நாங்கள் தேடிச் சென்ற இடமோ, அறைக்கு வாடகை என்ற ஒன்றே இல்லாத இடம்; ஆனால் கணவனும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் இரவைக் கழிக்கும் உரிமை ஒரு காலத்தில் எந்த விலைக்கும் கிடைக்காதிருந்த இடம். அவ்விடமாகிய ரமணாசிரமத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆத்ம விசாரத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அதை எழுதுவதற்குரிய தகுதி எனக்கில்லை. அங்கே யார் தங்கினார்கள், யார் சமைத்தார்கள், சமைத்தவர்கள் இரவில் எங்கே போனார்கள் என்ற சாதாரணமான விஷயங்களே தங்கியிருந்த நாட்களில் என் மனத்தை ஆட்கொண்டன. அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

திருவண்ணாமலைப் பெரிய கோயிலிலிருந்து செங்கம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தென்மேற்கே போனால் ஆசிரமம். ஒரு காலத்தில் வண்டிப் பாதையாக இருந்த அந்தச் சாலையில் இன்று ஆட்டோக்களும், துளசி மணியும் விபூதிப் பையும் விற்கும் கடைகளும், இளநீர் வண்டிகளும், ரஷ்ய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் விளம்பரம் எழுதிய சிற்றுண்டிச் சாலைகளும் நெருக்கமாக நிற்கின்றன. வாயிலுக்குள் காலடி வைத்ததும் சந்தடி முற்றிலும் அடங்கிவிடுகிறது என்று சொல்வது மிகையாகும். லாரிகளின் ஊதல் உள்ளேயும் கேட்கிறது. ஆனால் முற்றத்தில் நிற்கும் முதிய இலுப்பை மரத்தின் நிழலும், கூரைமேல் நின்று அகவும் மயில்களும், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடப்பவர்களின் நிதானமும் சேர்ந்து, உரக்கப் பேச வந்தவனையும் குரல் தாழ்த்தச் செய்கின்றன.

அறைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தோம். அலுவலகத்தில் இருந்தவர் பேரேட்டைப் புரட்டி எங்கள் பெயர்களைக் கண்டுபிடித்து, சாவியைக் கொடுத்து, சாப்பாட்டு வேளைகளைச் சொன்னார். எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கேட்டபோது, விருப்பமிருந்தால் புறப்படும்போது தரலாம் என்றார். அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு மின்விசிறி, சுவரில் ரமண மகரிஷியின் படம், குரங்குகளுக்கு அஞ்சிக் கம்பி வலையிட்ட ஜன்னல், அந்த ஜன்னலின் சட்டத்துக்குள் மலையின் தென்சரிவு. அவ்வளவே. அந்த அறையில் குறையென்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. மிகையென்று சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

பகல் பதினொன்றரை மணிக்கு உணவு. அதற்கு முன்பே, வாயிலண்டை வரிசையாகக் காத்திருக்கும் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் அன்னம் அளித்தாகிவிடுகிறது. வந்தவர் பசியாறிய பின்பே உள்ளிருப்பவர் இலைமுன் அமர்வது என்ற அந்த முறை ஆசிரமத்தின் பழைய ஒழுக்கங்களுள் ஒன்று. மணி அடித்ததும் போஜன சாலைக்குள் சென்று, தரையில் விரித்திருந்த தையல் இலைகளின்முன் அமர்ந்தோம். சுவர் நெடுகப் பழைய அன்பர்களின் படங்கள். எனக்கு வலப்புறம் வந்தவாசிப் பக்கத்து விவசாயி ஒருவர். அவருக்கப்பால், முழங்கால் மடங்காமல் மிகுந்த பிரயத்தனத்துடன் உட்கார்ந்த ஒரு வெள்ளைக்கார முதியவர். வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுகிறவர்கள் வேகமாக வந்தார்கள்: சோறு, கூட்டு, சாம்பார், ரசம், கடைசியில் மோர். முதியவருக்கு ரசம் இலையை விட்டு ஓடத் தொடங்கியது. விவசாயி ஒரு வார்த்தையும் பேசாமல் தம் இலையில் சோற்றை வட்டமாக வரம்பு கட்டி, நடுவே குழி பறித்து, அதில் ரசத்தை வாங்கிக் காட்டினார். முதியவர் அதைக் கவனமாகப் பார்த்துத் தாமும் வரம்பு கட்டினார். அதன்பின் ஒரு சொட்டும் வெளியேறவில்லை.

இந்தக் கூடத்தில்தான் மகரிஷி அமர்ந்து உண்டார். தமக்கென்று ஒரு கவளம் அதிகமாக வைக்கப்படுவதையோ, பிறருக்கு இல்லாத பதார்த்தம் தம் இலையில் விழுவதையோ அவர் சகித்ததில்லை என்பதை அவரோடு உண்டவர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். அக்காலத்து ஆசாரத்தின்படி பிராமணர்களுக்கு ஒரு பகுதியும் மற்றவர்களுக்கு ஒரு பகுதியுமாக இக்கூடம் பிரிக்கப்பட்டிருந்தது. இரு சாராரும் தம்மைக் காணும்படி அவர் நடுவில் அமர்ந்தார். அந்தப் பிரிவினையை ஏன் அவர் அடியோடு அகற்றவில்லை என்ற வினா என் மனத்தில் எழாமலில்லை. தம்மைச் சூழ்ந்தவர்களின் மீது எதையும் வலிந்து திணியாத சுபாவம் அவருடையது என்று சமாதானம் சொல்லலாம். அதைச் சொன்ன பிறகும் தடுப்புக்கு அப்பால் அமர்ந்தவர்களின் நிலை என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

இந்த அன்னத்தின் ஆதியைத் தேடிச் சென்றால், சத்திரம் வைத்த செல்வர் எவரையும் காண முடியாது; சில ஏழைப் பெண்களையே காண்போம். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயதுச் சிறுவராக மதுரையிலிருந்து வந்து சேர்ந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டவர், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்திலும் குருமூர்த்தத்திலும் பிற இடங்களிலும் இருந்துவிட்டு, 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகையில் வசித்தார். அக்காலத்தில் குகை நமசிவாயர் கோயிலை ஒட்டித் தங்கி, மலைச்சரிவில் கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த கிழவி ஒருத்தி இருந்தாள். அவளுடைய இயற்பெயரைச் சொல்பவர் அரியர், கீரைப்பாட்டி என்பதே அவள் பெயராக நிலைத்துவிட்டது. மண்டகொளத்தூரைச் சேர்ந்த லக்ஷ்மி அம்மாள், கணவனையும் மக்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த துயரம் தாளாமல் இம்மலைக்கு வந்து, எச்சம்மாள் என்ற பெயரால் அறியப்பட்டு, ஊருக்குள் ஒரு வீட்டில் தினமும் சமைத்து, அதைச் சுமந்துகொண்டு மலையேறி, 1945இல் தாம் மறையும் வரை ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அந்தக் கைங்கரியத்தை விடாது நடத்தினார். முதலியார் பாட்டி என்று வழங்கப்பட்ட மற்றொரு மூதாட்டியும் அவ்வாறே உணவு கொணர்ந்தார். வெயிலிலும் மழையிலும் பாத்திரத்தைத் தலையில் ஏந்தி அந்தப் பாறைப் படிகளில் ஏறியவர்களுக்கு, அங்கே ஓர் இரவு தங்கும் உரிமை இருந்ததில்லை. பெண்கள் இரவில் குகையில் தங்கலாகாது என்பது உடனிருந்தவர்கள் வகுத்துக்கொண்ட விதி.

1916இல் அன்னை அழகம்மாள், தம் முதுமையை மகனோடு கழிப்பதென்று முடிவுசெய்து வந்தபோது அந்த விதி பெற்ற தாயையே வாயிலில் நிறுத்தியது. அவர் முதலில் எச்சம்மாள் வீட்டிலேயே இருந்தார். தாயாரை அனுமதித்தால் எச்சம்மாளும் முதலியார் பாட்டியும் தங்களுக்கும் இடம் கேட்பார்களே என்பது சீடர்கள் எழுப்பிய ஆட்சேபம். அதைக் கேள்வியுற்ற அவ்விரு பெண்களும், அன்னையைத் தங்க விடுங்கள், நாங்கள் ஒருபோதும் அவ்வுரிமையைக் கேட்க மாட்டோம் என்று வாக்களித்தார்கள். அப்பொழுதும் சிலர் இணங்காதிருக்கவே, மகரிஷி எழுந்து தாயின் கையைப் பற்றி, இவளுக்கு இடமில்லையென்றால் நாங்களிருவரும் வேறிடம் போகிறோம் என்று புறப்படத் துணிந்த பின்புதான் தடை நீங்கிற்று. அந்தச் சம்பவத்தைப் படித்தவர்கள் மகரிஷியின் மாத்ரு பக்தியைப் போற்றுவார்கள். எனக்கோ, பிறருக்காகத் தங்கள் பாத்தியதையைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையிலும் வழக்கம்போலச் சோற்றுப் பாத்திரத்தோடு மலையேறிய அந்த இரண்டு பெண்களே அதில் பெரியவர்களாகத் தோன்றுகிறார்கள்.

அவ்வாண்டிலேயே மகரிஷியும் அன்னையும் விரூபாட்ச குகைக்குச் சற்று மேலே உள்ள ஸ்கந்தாசிரமத்துக்குக் குடியேறினார்கள். கந்தசுவாமி என்ற அன்பர் ஒருவரே முன்னின்று பாறைச் சரிவைச் சமப்படுத்தி, தென்னையும் மாவும் நட்டு உண்டாக்கிய இடம் அது. அங்கே அன்னை அடுப்பு மூட்டினார்; யார் எதைக் கொண்டுவருவார்களோ என்று பார்த்திருந்த வாழ்க்கை போய், வந்தவர்களுக்கு இலை போடும் வாழ்க்கை வந்தது. 1922ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி அவர் காலமானார். அவருடைய திருமேனியை எரிப்பதா, சமாதியில் வைப்பதா என்ற வினாவுக்கு விடை ஐந்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. அந்த விடையைக் கேட்டுப் பெற்றவரும் ஒரு பெண்மணியே. காவிய கண்ட கணபதி முனிவர், ரமணர் என்ற திருநாமத்தை நாட்டுக்கு அளித்த பெரும் பண்டிதர். அவருடைய மனைவி விசாலாட்சி அம்மாள். பெண்கள் சந்நியாசம் கொள்ளலாமா, ஞானம் அடைந்த பெண்ணின் உடலைத் தகனம் செய்வதா, அடக்கம் செய்வதா என்று 1917இல் விசாலாட்சி அம்மாள் தம் கணவரின் வாயிலாகக் கேட்பித்தார். ஞானத்தில் ஆண் பெண் பேதமில்லை, அவள் உடலையும் சமாதியில் வைப்பதே முறை என்பது மகரிஷியின் தீர்ப்பு. முனிவர் அவ்வுரையாடலை ஸம்ஸ்கிருதத்தில் எழுதிய ரமண கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயமாக அமைத்தார். ஒரு தம்பதி சில ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வியின் பயனை மகரிஷியின் தாய் பெற்றார்.

மலையின் தென்னடிவாரத்தில், சுடுகாட்டை அடுத்திருந்த பாலி தீர்த்தக் கரையில் அன்னையைச் சமாதி வைத்தார்கள். தினமும் ஸ்கந்தாசிரமத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மகரிஷி, அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள் வந்தவர் திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். அதுவே ரமணாசிரமம். ஓலைக் குடிசையாகத் தொடங்கிய இடத்தில் கூடமும் கோசாலையும் பாகசாலையும் எழுந்தன. சமாதியின்மேல் மாத்ருபூதேசுவரர் ஆலயம் கருங்கல்லில் கட்டப்பட்டு, 1949ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. ஆலயத்தின் வடிவான தூண்களை நான் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மனைவி மெல்லச் சொன்னாள்: "ராத்தங்க இடம் இல்லேன்னு சொன்ன அம்மாவைச் சுத்தித்தானே இவ்வளவும் வந்திருக்கு." நான் பலமுறை படித்திருந்தும் அவ்விரண்டு விஷயங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில்லை.

அன்னை மூட்டிய அடுப்பைப் பிற்காலத்தில் ஏற்று நடத்தியவர்களும் பெண்களே. சாந்தம்மாள், சுப்பலட்சுமி அம்மாள், சம்பூர்ணம்மாள் என்ற பெயர்கள் ஆசிரம வரலாற்றில் நிலைபெற்றவை. விடியுமுன்பே மகரிஷி பாகசாலைக்குள் வந்து, காய் நறுக்கி, சட்டினி அரைத்து, எதற்கு எவ்வளவு தீ வேண்டும், எதை மூடிவைக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்தார். பல ஆண்டுகள் இது நடந்தது. ஒரு கடுகு சிந்திக் கிடந்தாலும் பொறுக்கி எடுப்பார். பிறர் எறியத் துணிந்த காம்புக்கும் தோலுக்கும் பசுவின் வாயையாவது காட்டாமல் விடமாட்டார். நூற்றுக்கணக்கானவர் கூடத்தில் அவருடைய மௌனத்தின்முன் அமர்ந்து உபதேசம் பெற்றார்கள் என்றால், இப்பெண்கள் புகையின் நடுவே, அம்மிக்கு எதிரில் அதைப் பெற்றார்கள். எனினும் அந்தி மயங்கும்முன் அவர்கள் புறப்பட்டாக வேண்டும். பெண்கள் இரவில் தங்கலாகாது என்ற மலைமேல் விதி அடிவாரத்துக்கும் இறங்கி வந்திருந்தது. விளக்கு இருக்கிறதா, துணை இருக்கிறதா என்று மகரிஷி விசாரித்து அனுப்புவதை அவர்கள் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஊர்வரையிலும் இருட்டுச் சாலை. மறுநாள் விடியற்காலையில் அதே சாலை வழியே திரும்ப வேண்டும். 1941இல் வந்து, தம் சகோதரருக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களால் ஆசிரமத்தின் அன்றாட வாழ்க்கையை நமக்குக் காத்துத் தந்த சூரி நாகம்மாளும், பகலெல்லாம் கூடத்தில் இருந்துவிட்டு மாலையில் ரமண நகரிலுள்ள தம் இருப்பிடம் சென்றவரே.

மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களிடத்தும் இவ்விதி பாரபட்சம் காட்டவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜராக இருந்த ஆலன் சாட்விக், 1935 நவம்பரில் வந்து, ஆசிரமத்துக்குள்ளேயே தமக்கென்று தனி அறை கட்டிக்கொள்ள இடம் பெற்றார்; அவர் தனியர், ஆண். 1938இல் வந்த ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் மயங்கி விழுந்தபோது படுக்க வைக்கப்பட்டது சாட்விக்கின் அறையில்தான். தம்பதியராக வருகிறவர்களுக்கு ஆசிரம எல்லைக்கு வெளியேதான் ஜாகை. சாலைக்கு மறுபுறம், குஜராத்தின் மோர்வி சமஸ்தானத்து மகாராஜாவின் உதவியால் எழுந்த விடுதி இன்றும் மோர்வி விடுதி என்றே வழங்குகிறது. பக்கத்துத் தோட்டங்களில் வீடு கட்டிக் குடியேறியவர்களும் உண்டு.

அப்படிக் குடியேறியவர்களில் ஆஸ்பர்ன் குடும்பத்தின் விருத்தாந்தம் தனியே சொல்லத் தக்கது. ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர், பாங்காக்கின் சூலாலங்கார்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அவர் மனைவி லூசியா போலந்து நாட்டவர். 1941இல் விடுமுறையில் இந்தியாவுக்கு வந்த அவர், யுத்தம் சூழ்ந்துவரும் காலத்தில் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் சயாமுக்குள் புகுந்தனர்; ஆஸ்பர்ன் சிறை முகாமில் அடைக்கப்பட்டார். யுத்தம் முடியும் வரை, ஏறத்தாழ நான்காண்டுகள், லூசியா அம்மையார் மூன்று குழந்தைகளோடு இம்மலையடிவாரத்தில் காத்திருந்தார். குழந்தைகள் தட்டில் பழத்தோடு கூடத்துக்குள் ஓடி, தந்தையைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று மகரிஷியிடமே நேராகக் கேட்டுவிட்டு வருவார்கள். 1945இல் அவர் வந்து சேர்ந்தார். கணவர் மகரிஷியை முதன்முதலாகத் தரிசித்தது அப்பொழுதுதான். அந்நான்காண்டுகளில் மனைவி அச்சந்நிதியில் ஆழ வேரூன்றிவிட்டிருந்தார். பிற்காலத்தில் மகரிஷியின் சரித்திரத்தை உலகறிய எழுதியவரும், 1964இல் ஆசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவரும் ஆர்தரே. 1970இல் அவர் மறைந்தார், 1987இல் லூசியா. ஆசிரமத்துக்கு அருகில் தங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே இருவரும் அடக்கமாகியிருக்கிறார்கள். இத்தெருக்களில் விளையாடி வளர்ந்த அவர்கள் மகன் ஆதம் ஆஸ்பர்ன், 1981இல் கையில் தூக்கிச் செல்லத்தக்க கணிப்பொறியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்து உலகப் புகழ் பெற்றார் என்பதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொரு தம்பதியும் என் நினைவுக்கு வந்தார்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோனும், ஜாவாவில் பிறந்த நர்த்தகியான அவர் மனைவி ரத்ன மோகினியும், 1950 ஏப்ரலில், மகரிஷியின் இடக்கரத்தில் தோன்றிய கட்டி நான்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின்பும் அடங்காமல் அவர் உடல் ஓய்ந்துகொண்டிருந்த அந்தக் கடைசி நாட்களில், இரண்டு வாரம்போல இங்கே இருந்தார்கள். 14ஆம் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு மகரிஷி மறைந்தபோது, வானத்தில் தெற்கிலிருந்து எழுந்து மெல்ல நகர்ந்து மலையுச்சியை நோக்கிச் சென்ற பேரொளி ஒன்றைத் தாம் கண்டதையும், உடனே கடிகாரத்தைப் பார்த்ததையும் கார்த்தியே பிரெஸ்ஸோன் அன்றிரவே பிறரிடம் கூறினார். இரண்டாண்டுகளுக்கு முன் காந்தியடிகளை அவருடைய இறுதி நாளில் சந்தித்துப் படமெடுத்தவரும் அவரே. கண்ணையும் கருவியையும் நம்பித் தொழில் நடத்தியவர் ஒருவரின் சாட்சியம் என்பதால் அதற்குத் தனி மதிப்புண்டு என்று நினைக்கிறேன்.

ஆசிரமத்தின் பின்வாயிலைத் தாண்டினால் ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை தொடங்குகிறது. வெயில் ஏறுமுன் புறப்பட்டோம். இருபுறமும் தாழ்ந்த மரங்களும் லெமன் புல்லும். அங்கங்கே இளைப்பாறப் பாறைகள். பாதை ஒரு திருப்பத்தில் மலையின் கிழக்கு முகத்துக்கு வந்ததும், கீழே கோயில் முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது: 217 அடி உயரத்துக்கு எழுந்த கிழக்கு ராஜகோபுரமும், மற்ற மூன்று திசைக் கோபுரங்களும், சதுரம் சதுரமாக ஒன்றனுள் ஒன்று அடங்கிய பிராகாரங்களும், அவற்றைச் சுற்றி நெருக்கமாக நிறைந்த ஊரும். கோயில் பக்கமிருந்து ஏறும் படிகளையும் அங்கிருந்து காணலாம். எச்சம்மாள் ஏறியது அந்தப் பக்கமிருந்துதான். செருப்பில்லாத காலும் தலையில் சுமையுமாக அந்தப் பாறைகளில் ஏறுவது எத்தகையது என்பதைக் கையில் தண்ணீர்ப் புட்டியோடு சென்ற எங்களுக்கே ஒருவாறு விளங்கிற்று. ஸ்கந்தாசிரமத்தில் அன்னை இருந்த சிறு அறையில் என் மனைவி நெடுநேரம் அமர்ந்திருந்தாள். நான் வெளியே மரத்தடியில் காத்திருந்தேன்.

மாலையில் சமாதி மண்டபத்தில் வேத பாராயணமும், பின்னர் தமிழ்ப் பாராயணமும் நடைபெறுகின்றன. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாக அமர்கிறார்கள். தமிழ் தெரியாதவர்களும் தத்தம் லிபியில் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு கூடவே பாடுகிறார்கள். அக்காலமாயின் வேத பாராயணம் முடிந்ததும் எதிர்வரிசை முழுவதும் எழுந்து, விளக்குகளைத் தேடிக்கொண்டு வெளியேறியிருக்கும். பின்னாளில் அந்த விதி தளர்ந்து மறைந்தது. ஏழரை மணிக்கு மணியடித்ததும் இருபுறத்தாரும் எழுந்து ஒன்றாகவே உணவுக்குச் சென்றோம். உணவுக்குப்பின் நானும் அவளும் கோசாலை ஓரமாக நடந்து, ஆசிரமத்துப் பசு லட்சுமியின் சமாதியைக் கடந்து, எங்கள் அறைக்குத் திரும்பினோம். அறைச் சாவி அவளிடம் இருந்தது.

துறவியர் வாழும் இடத்தில் அவ்வித நியமம் அவசியமே என்று வாதிப்பவர்கள் உண்டு. அக்காலத்து உலக அபவாதத்துக்கு அஞ்சி ஆசிரம நிர்வாகம் அதைக் கைக்கொண்டது என்பதையும் நான் உணர்கிறேன். ஆனால், இல்லறத்தை விட்டு ஓடிவர எண்ணியவர்களையெல்லாம் வீட்டுக்கே திருப்பியனுப்பியவர் மகரிஷி. கணவன், மனைவி, குழந்தை, அடுப்பு என்ற எதையும் ஞானத்துக்கு விரோதமாக அவர் கருதவில்லை. ஆகவே, இன்று தம்பதியர்க்கு ஓர் அறை கிடைப்பதை நிர்வாகச் சௌகரியத்தால் வந்த மாறுதல் என்று மட்டும் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. விசாலாட்சி அம்மாளுக்கு 1917இல் கிடைத்த தீர்ப்பு அறைச் சாவிவரை வந்து சேர அவ்வளவு காலம் பிடித்தது என்றே கருதுகிறேன்.

புறப்படும் நாளில் சாவியை ஒப்படைத்து, எங்களால் இயன்ற தொகையைச் செலுத்தினோம். எதற்கென்று எழுதிக்கொள்வது என்று அலுவலகத்தில் கேட்டபோது, அன்னதானத்துக்கு என்று என் மனைவி முந்திக்கொண்டு சொன்னாள். அங்கிருந்து நேரே ஊர் திரும்பாமல், தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூருக்குப் பேருந்து ஏறினோம். அதுவும் அவள் யோசனையே. சிறுவர் வேங்கடராமன் 1896 ஆகஸ்டு இறுதியில் ரயிலுக்குப் பணம் போதாமல் நடந்து வந்தது அவ்வழியாகத்தான். ஆற்றின் வடகரையில் அறகண்டநல்லூர்ப் பாறைமேல் உள்ள கோயிலில் அவர் தியானத்தில் அமர்ந்திருந்தபோது, கதவைப் பூட்ட வேண்டும் என்று வெளியேற்றினார்கள். உண்ண ஏதேனும் கேட்டதற்கு இல்லையென்று சொன்னார்கள். அக்கரையில் கீழூர்க் கோயிலிலும் இல்லை என்ற பதிலே கிடைக்க, மேளக்காரர் ஒருவர் தம் பங்குப் பிரசாதத்தை அவருக்குக் கொடுக்கும்படி சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. பசியோடு முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டு வாயிலில் போய் நின்ற பிள்ளையை அவ்வீட்டுப் பெண்மணி உள்ளே அழைத்து, வயிறு நிறைய அன்னமிட்டாள். தம் காதுக் கடுக்கன்களைப் பாகவதரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றுக்கொண்டு அவர் புறப்பட்டபோது, கண்ணனுக்கு இன்னும் நைவேத்தியம் ஆகாத பட்சணத்தையும் எடுத்துப் பொட்டலமாகக் கட்டி, வழியில் சாப்பிடும்படி அவர் கையில் கொடுத்தனுப்பினாள்.